எழுபத்து நான்கு மீட்டரில் ராமாத்தாள்

சிலம்பன்கோம்பையில் மரவள்ளி நன்றாகக் கிழங்கு பிடித்த வருஷத்தில், மலையிலிருந்து இறங்கிய காட்டுப்பன்றிகள் தின்றது போக மிச்சத்தையும் மூக்கால் கிளறிப் போட்டுவிட்டுப் போன வருஷத்தில், நாச்சிமுத்து தன் மனைவி ராமாத்தாளை எழுபத்து நான்கு மீட்டரில் நிறுத்திவிட்டார். வேண்டுமென்று செய்ததல்ல. வேட்டைக்குப் பைனாகுலர் பார்க்கப் போய் வந்த வினை.

ஊரில் ரைபிளுக்கு உரிமம் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். பன்றியைச் சுட எழுத்தில் அனுமதி வாங்கியபோதும் அவர் பெயரில்தான் வாங்கினார்கள். அவர் குறியில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் குறி வேறு, தூரம் வேறு. போன வருஷம் அந்தி மங்கலில் நூறு மீட்டர் என்று கண் சொன்ன பன்றி உண்மையில் நூற்று நாற்பதில் நின்றிருந்தது. தோட்டா தாழ்ந்து, பன்றியின் வயிற்றுக்கடியில் புகுந்து, பாறையில் பட்டுத் தெறித்து, விவசாயச் சங்கத் தலைவர் சென்னியப்பனின் தண்ணீர்த் தொட்டியைத் துளைத்தது.

"ஏனுங் மாமா," என்றார் சென்னியப்பன், பீய்ச்சி அடிக்கும் தண்ணீரை உள்ளங்கையால் அடைத்துக்கொண்டே, "என்ற தொட்டி என்னங்க பாவம் பண்ணுச்சு? கெழங்கா தின்னுச்சு?"

நாச்சிமுத்து சொன்னது சென்னியப்பனுக்குக் கேட்கவில்லை. அவர் பேச்செல்லாம் தொண்டைக்குள்ளேயே தொடங்கித் தொண்டைக்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் அன்றிலிருந்து தூரத்தை அளக்காமல் துப்பாக்கியைத் தொடுவதில்லை என்று அவரே முடிவு செய்தார். 'சுமாராக' என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிக்கிற மனிதருக்கு அந்தத் தொட்டியின் ஓட்டை நெஞ்சிலேயே விழுந்ததுபோல் இருந்தது. ஆகவே சங்கத்தார் கூடிப் பேசி, தூரம் காட்டும் பைனாகுலர் ஒன்று வாங்குவதென்றும், எதை வாங்குவது என்பதை நாச்சிமுத்துவே பார்த்துச் சொல்வதென்றும் தீர்மானித்தார்கள்.

நகரத்திலிருந்து ஜோயல் என்ற விற்பனைக்காரர் மூன்று பைனாகுலர்களைக் கொண்டுவந்து சங்கத்து மேசைமேல் வைத்தார். "அய்யா, அவசரமே இல்ல. காட்டுல வெச்சுப் பாருங்க, மேட்டுல வெச்சுப் பாருங்க. ரெண்டு சந்தை கழிச்சு வர்றேன். ஒண்ணை வெச்சுக்கிட்டு ரெண்டைத் திருப்பிக் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்று சின்னது. கழுத்தில் மாட்டினால் மாட்டியதே தெரியாது. பொத்தானை அழுத்தியதும் சிவப்பு எழுத்தில் தூரத்தைச் சொல்லிவிடும். ஒன்று பெரியது. நிதானமாகச் சொல்லும், மங்கிய வெளிச்சத்திலும் தெளிவாகக் காட்டும், ஆனால் கனத்தில் கை நடுங்கும். மூன்றாவது கறுப்பு. அதன்மேல் செய்தவர் பெயர் கிடையாது. பெட்டிக்குள் விளக்கத்தாளும் கிடையாது. பழைய சரக்கோடு சேர்ந்து வந்துவிட்டது என்று ஜோயல் சொல்லியிருந்தார்.

நாச்சிமுத்து நிலம் அளக்கும் நாடாவை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போனார். ஓட்டை அடைத்த தொட்டியை முதலில் பார்த்தார். நாடா சொன்னதைவிடச் சின்னது இரண்டு மீட்டர் குறைத்துச் சொன்னது. பெரியது ஒன்று கூட்டிச் சொன்னது. கறுப்பு, நாடா சொன்னதையே சொன்னது. மின்கம்பத்தைப் பார்த்தார்; அப்போதும் அப்படியே. தூரம் அளக்கப் பைனாகுலர் விடும் கதிர் கறுப்புத் தோலில் பட்டால் சில சமயம் திரும்பி வராது என்று கேள்விப்பட்டிருந்ததால், சென்னியப்பனின் எருமையைப் பன்றியாகப் பாவித்துச் சின்னதிலும் பெரியதிலும் பார்த்தார். பிறகு கறுப்பை எடுத்துக் கண்ணில் வைத்து, எருமையைத் தேடி, பொத்தானை அழுத்துகிற அந்தக் கணத்தில், தூக்குப்போசியில் கம்மஞ்சோறு எடுத்துக்கொண்டு ராமாத்தாள் வரப்பு ஏறிக் குறுக்கே வந்தாள். சிவப்பு எழுத்து எழுபத்து நான்கு என்றது.

"வந்து சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள். அவள் நடக்க நடக்க நாச்சிமுத்து பின்னால் போய்க்கொண்டிருந்தார். கயிறு கட்டி இழுத்ததுபோலவும் இல்லை, யாரும் தள்ளியதுபோலவும் இல்லை, அவருக்கு வலியும் இல்லை, மயக்கமும் இல்லை. அவள் வர வர இவர் போனார், அவள் நின்றபோது இவரும் நின்றார், அவள் கோபப்பட்டுத் திரும்பி வீட்டைப் பார்க்க நடந்தபோது இவர் அவள் பின்னாலேயே போனார், எழுபத்து நான்கு மீட்டரில்.

"விளையாட்டுப் பண்றதுக்கு வயசாங்க இது?" என்று அவள் கத்தினாள். அவர் ஏதோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குள் போய் அடுப்புப் பற்றவைத்தபோது, நாச்சிமுத்து சென்னியப்பனின் மாட்டுக்கொட்டகையில் இருந்தார். அதற்குமேல் கிட்டே போக முடியவில்லை. சென்னியப்பன் வந்து பார்த்தார். பைனாகுலரின் பேட்டரியைக் கழற்றிப் பார்த்தார்கள், தூரம் கழலவில்லை. சென்னியப்பன் எருமையைச் சற்றுத் தள்ளிக் கட்டிவிட்டு ஒரு கட்டிலைக் கொண்டுவந்து போட்டார். "மாமா, ராத்திரி இது வாலை ஆட்டும், கண்டுக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சிலம்பன்கோம்பைக்காரர்கள் இதற்காக ஒரு வேலையையும் நிறுத்தவில்லை. ஊருக்குள் புதிதாக ஒரு டிரான்ஸ்பார்மர் வந்தால் எப்படி ஒதுங்கி நடப்பார்களோ அப்படி அந்த எழுபத்து நான்கு மீட்டரைச் சுற்றி நடக்கப் பழகிக்கொண்டார்கள். ராமாத்தாள் மாவு மில்லுக்குப் போனால் நாச்சிமுத்து மாரியம்மன் கோயில் பின்புறத்தில் நிற்பார் என்பது தெரிந்து பூசாரி அங்கே உட்கார ஒரு கல்லைப் போட்டு வைத்தார். வழியில் துணிக்கொடி கட்டியிருந்த பெண்கள் அதை அவிழ்த்து உயரத்தில் கட்டினார்கள். சுவர் குறுக்கிட்டு இவர் நின்றுவிட்டால் அங்கே அவளும் நின்றுவிடுவாள் என்பதால், "அம்மிணி, சித்த வலக்கைப் பக்கமாப் போ, உங்கூட்டுக்காரர் கோழிக்கூட்டுல மாட்டிக்கிட்டாரு!" என்று பார்த்தவர்கள் குரல் கொடுத்தார்கள். அவள் டவுன் பஸ்ஸில் ஏறினால் இவர் பால் வண்டியில் ஏறிக்கொள்வார். பஸ் கிளம்பியதும் பால் வண்டி தானே கிளம்பும். ஓட்டுநர் ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். டீசல் மிச்சமாகிறது என்பதால், ராமாத்தாள் எப்போது டவுனுக்குப் போவாள் என்று பால்காரர் நாளும் வந்து விசாரிக்க ஆரம்பித்தார்.

சோற்றை அவள் ஓரிடத்தில் வைத்துவிட்டு அப்பால் நடந்து போவாள். அவர் வந்து எடுத்துக்கொள்வார். அவர் கை கழுவும்போது அவள் யார் வீட்டு வாசலிலாவது நின்று பேசிக்கொண்டிருப்பாள்.

'ஏன் இப்படி ஆயிற்று' என்று நாச்சிமுத்து யோசிக்கவில்லை. 'எங்கிருந்து எங்கே அளக்கிறது' என்றுதான் யோசித்தார். காலிலிருந்தா, கண்ணிலிருந்தா? கட்டிலில் உட்கார்ந்தபடியே உடம்பை முன்னால் சாய்த்துப் பார்த்தார். அங்கே ஆட்டுக்கல்லில் மாவாட்டிக்கொண்டிருந்த ராமாத்தாள் பின்னால் சாய்ந்தாள். நிமிர்ந்தார். அவளும் நிமிர்ந்தாள். தலையை மட்டும் ஆட்டிப் பார்த்தார்.

"என்னங்க பண்றீங்க அங்கே? மாவு சிந்துது!"

கண்ணிலிருந்துதான் என்று தெரிந்துகொண்டார். இதைச் சொல்லவேண்டும் போலிருந்தது. முப்பது வருஷத்தில் அவர் வீட்டுக்குள் உரக்கப் பேசியதில்லை. இப்போது உரக்கப் பேசாவிட்டால் பேச்சே இல்லை. சைகை காட்டினார். அவள் அதை வெற்றிலை கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு வெற்றிலையை வைத்துவிட்டுப் போனாள். இரண்டு நாள் பொறுத்தார். மூன்றாம் நாள், கொட்டகை வாசலில் வந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "மோர்ல உப்புப் பத்தல!" என்று கத்தினார்.

தெருவே வெளியே வந்தது. நாலைந்து வீட்டுப் பெண்கள் தங்கள் மோரை நாக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். ராமாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்று, "இத்தனை வருஷமா பத்தலையா, இன்னிக்குத்தான் பத்தலையா?" என்று திருப்பிக் கத்தினாள்.

அவர் யோசித்தார். கணக்காகச் சொல்ல வேண்டுமே. "இத்தனை வருஷமா!" என்றார்.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் அதன்பின் அவர் கத்தப் பழகினார். முட்டிவலி மாத்திரை போட்டாயா என்று அவர் கேட்டால், அவளுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்காரர்கள் "போட்டாச்சுங்க!" என்று சொன்னார்கள். அவர் ராத்திரி இருமினால் காலையில் ஊரே கஷாயம் சொன்னது.

செய்தி பரவியதும் கறுப்பு பைனாகுலரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். ஒரு மருமகள் வந்து, "என்ற மாமியாளை ஒரு இருநூறுல நிறுத்திக் குடுங்க" என்றாள். மறுநாள் அந்த மாமியாரே வந்து முந்நூறு கேட்டார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி கையைக் கோத்துக்கொண்டு வந்து, தங்களை ஒரு மீட்டரில் நிறுத்தும்படி கேட்டது. அஞ்சு மீட்டருக்குள் எந்தப் பைனாகுலரும் தூரம் சொல்லாது, கோடு கோடாகத்தான் காட்டும் என்று நாச்சிமுத்து கொட்டகையிலிருந்து கத்திச் சொன்னார். சென்னியப்பன் கறுப்பைச் சங்கத்து பீரோவில் வைத்துப் பூட்டினார்.

இதற்குள் பன்றிகள் மேற்குக் காட்டு மரவள்ளியில் பாதியை முடித்திருந்தன.

"மாமா, கறுப்பு வந்தது வேட்டைக்கு. பன்னிமேல ஒருக்கா வெச்சுப் பாத்துரலாமுங்க" என்றார் சென்னியப்பன். நாச்சிமுத்துவுக்கும் அது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமாகத்தான் பட்டது. பொழுது இறங்கும் நேரத்தில் கறுப்போடும் ரைபிளோடும் பரண்மேல் உட்கார்ந்தார். கீழே எழுபத்து நான்கு மீட்டரில் கிணற்றுமேட்டில் ராமாத்தாள், கூடையும் கையுமாக. பெரிய கொம்பன் பன்றி ஒன்று புதரிலிருந்து வந்தது. அழுத்தினார். நூற்று முப்பது.

கொம்பன் கிழங்கை நோக்கி ஓர் எட்டு வைத்தது. நாச்சிமுத்து பரணில் ஓர் எட்டு பின்னால் போனார், கிணற்றுமேட்டில் ராமாத்தாளும் நகர்ந்தாள். கொம்பன் மிரண்டு மலைப்பக்கம் ஓடியது. நாச்சிமுத்து பரணை விட்டுக் குதித்து அதன் பின்னால் ஓட, அவர் பின்னால் ராமாத்தாள், "கூடை! என்ற கூடை!" என்று கத்திக்கொண்டு ஓட, சென்னியப்பன் கூடையை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் ஓட, சோளக்காட்டுக்குள் ஒரு பன்றியும் மூன்று மனிதர்களும் வரிசையாகப் போவதைப் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்து, யார் யாரைத் துரத்துகிறார்கள் என்று பந்தயம் கட்டினார்கள்.

கொம்பன் களைத்து நின்றது. நாச்சிமுத்து மூச்சைப் பிடித்துக்கொண்டு ரைபிளைத் தூக்கினார். நூற்று முப்பது, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிழைக்க இடமே இல்லாத தூரம். சுட்டார். கொம்பன் விழுந்தது. அதன் மூச்சு நின்ற நொடியில் அதையும் அவரையும் பிணைத்திருந்த கட்டு அறுந்தது.

அது அறுந்தது எப்போது என்பதை அவரும் அறிந்தார், ராமாத்தாளும் அறிந்தாள். அதைப் பற்றி இருவரும் கத்திப் பேசிக்கொள்ளவில்லை. அன்று சோற்றை வைத்துவிட்டு அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

ஆனால் ஊர் பேசியது. ஒரே தோட்டா, ஒரு பன்றி. தொட்டி தப்பியது, கிழங்கு தப்பியது. இதைவிட வேட்டைக்கு வேறென்ன பைனாகுலர் வேண்டும்? ஜோயல் வரவேண்டிய சந்தை நாள் வந்தபோது சங்கத்து வாசலில் எல்லோரும் கறுப்பை எடுத்துக்கொள்ளும் எண்ணத்தோடு கூடியிருந்தார்கள். ராமாத்தாள் நூலகத்துப் படியில் நின்றாள், ஏனென்றால் நாச்சிமுத்து சங்கத்து மேசை முன் நிற்க வேண்டியிருந்தது.

"இதைத் திருப்பி அனுப்பினா, உங்க ரெண்டு பேரையும் அவிழ்க்கிறதுக்கு ஆளே இல்லாமப் போயிருமுங்க மாமா" என்றார் சென்னியப்பன். "வெச்சுக்கிட்டா, என்னிக்காவது வழி தெரியலாம். கெழங்கும் மிஞ்சும்."

"அனுப்பினா, பைனாகுலரோட கட்டும் போயிரலாமில்ல?" என்றார் பூசாரி.

"போகலைன்னா?" என்றார் சென்னியப்பன்.

ஜோயல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அய்யா, எது வேணும்?"

நாச்சிமுத்து மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்து வெகுநேரம் பார்த்தார். பெரியதை ஒதுக்கினார். கறுப்பை எடுத்தார். சங்கத்தார் மூச்சு விட்டார்கள். அதைப் பெட்டிக்குள் வைத்து, மூடி, ஜோயலின் கையில் கொடுத்தார். மேசையில் சின்னது மட்டும் இருந்தது.

"மாமா! அது ரெண்டு மீட்டர் தப்பாக் காட்டுதுங்க!"

நாச்சிமுத்து பேசவேண்டியிருந்தது. ராமாத்தாளுக்கும் கேட்கவேண்டும் என்பதால் கத்தவேண்டியிருந்தது. "தப்புத்தான்!" என்று கத்தினார். "தப்புன்னு தெரிஞ்ச தப்பு. ரெண்டைக் கூட்டிக்கிட்டா நான் சுட்டுருவேன். அது அளந்த பின்னாடியும் பன்னி அதும்பாட்டுக்கு நடக்கும், ஓடும், தப்பிச்சாலும் தப்பிக்கும். கறுப்பு அளந்தா அளந்ததுதான். சாகிற வரைக்கும் ஒண்ணும் நகராது. எனக்கு அது வேண்டாம். பன்னிக்கும் வேண்டாம்!"

அவர் வாழ்நாளில் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். முடித்ததும் காது வரை சிவந்துபோய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

ஜோயலின் வண்டி கறுப்பையும் பெரியதையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. மாரியம்மன் கோயிலைத் தாண்டியது, ஊர் எல்லையைத் தாண்டியது, புழுதி அடங்கியது. எல்லோரும் நாச்சிமுத்துவைப் பார்த்தார்கள். அவர் நூலகத்தை நோக்கி ஓர் எட்டு வைத்தார். அங்கே ராமாத்தாள் ஒரு படி பின்னால் ஏறினாள். கட்டு போகவில்லை.

சென்னியப்பன் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். நாச்சிமுத்து தரையைப் பார்த்து நின்றார். கணக்கு முடிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது.

"ஏனுங்!" என்று நூலகப் படியிலிருந்து குரல் வந்தது. "அந்தச் சின்னதுல நான் எத்தனைன்னு பாருங்க!"

அவர் வேண்டாமென்று தலையாட்டப் போய், அவள் தடுமாறுவாளே என்று நிறுத்திக்கொண்டார். அந்தக் கம்மஞ்சோற்று நாளுக்குப் பின் எந்தப் பைனாகுலரையும் அவள் பக்கம் திருப்ப அவர் துணிந்ததில்லை. "இன்னொண்ணும் சேந்து புடிச்சுக்கிட்டா?" என்று கத்தினார்.

"ஏற்கெனவே ஒண்ணு புடிச்சிருக்கு, இன்னொண்ணு புடிச்சா என்ன, உங்க சொத்தா போகுது? எல்லாத்தையும் தப்பாக் காட்டுதே, என்னை எப்படிக் காட்டுதுன்னு பாக்கலாம். பாருங்கன்னா!"

சின்னதைக் கண்ணில் வைத்தார். ராமாத்தாள் பெரிதாகத் தெரிந்தாள். அவள் நெற்றியில் வேர்வை இருந்தது. அதை அவர் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. அழுத்தினார்.

"எவ்வளவுங்க?"

"எழுபத்திரண்டு!" என்றார். சொல்லி முடிக்கும் முன் அவர் செருப்பு மண்ணில் சரசரவென்று முன்னால் நகர்ந்தது. மேசை அவருக்குப் பின்னால் போயிற்று. சென்னியப்பன் நாடாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அளந்தார்கள். எழுபத்திரண்டு.

"இன்னொருக்கா!" என்றாள் ராமாத்தாள்.

எழுபது என்றது.

அன்றைக்கு ஐம்பத்து நான்கு வரை வந்தார்கள். பிறகு பேட்டரி தீர்ந்தது. மறுநாள் உச்சி வெயிலில் கானல் எழும்பியபோது பார்த்தார்கள். சின்னது மிரண்டு கூட்டிச் சொல்லிவிட, ஆறு மீட்டர் பின்னால் போய், நாச்சிமுத்து முள்வேலியில் உட்கார்ந்தார். ஊர் உச்சுக் கொட்டியது. காலை இளவெயிலில்தான் அது ஒழுங்காகத் தப்புச் சொல்லும் என்று அவர் கண்டுபிடித்தார். அதன்பின் காலையில் மட்டும், காபி குடித்த கையோடு, தெரு முழுக்கக் கூடி நிற்க, அவர் பார்த்துச் சொல்ல, அவள் நகர, இரண்டிரண்டாக அவர் கொட்டகையை விட்டு வெளியே வந்தார், பால் டிப்போவைத் தாண்டினார், தெருமுனைக்கு வந்தார், ஒருநாள் தன் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

அடுப்படியில் அவள், வாசற்படியில் அவர். சின்னதை எடுத்துப் பார்த்தார். சிவப்பில் கோடு கோடாகத்தான் காட்டியது. அதற்குமேல் அது பேசாது.

ஊர்க்காரர்கள் கலைந்து போனார்கள். சென்னியப்பன் மேற்குக் காட்டில் பன்றி இறங்கியிருப்பதாகவும் பொழுதோடு வரும்படியும் சொல்லிவிட்டுப் போனார். நாச்சிமுத்து படியில் உட்கார்ந்து, மடியிலிருந்த பைனாகுலரின் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்தார். உள்ளே ராமாத்தாள் கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்தாள். மூடியைத் திறந்தபோது ஆவி அவர் முகம் வரை வந்தது. அவர் ஏதோ சொன்னார், பழைய பழக்கத்தில், தொண்டைக்குள்ளேயே.

நாலு மீட்டர்தான். அவளுக்குத் தெளிவாகக் கேட்டது. முப்பது வருஷத்தில் அவர் ஒருநாளும் அவளிடம் சொல்லாத ஆசை வார்த்தை அது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"கேக்கலைங்க" என்றாள். "சத்தமாச் சொல்லுங்க."

நாச்சிமுத்து தெருவை ஒரு தடவை பார்த்தார். பால்காரர் இன்னும் போயிருக்கவில்லை, பூசாரியும் நின்றுகொண்டிருந்தார். அவர் எழுந்து நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, எழுபத்து நான்கு மீட்டருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.